என் மகனை மேடையேற்றலாமா?

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

என் மகனுக்கு 12 வயது. ஆட்டிசம். பசி, தண்ணீர், வெளியே போகணும் என்று தேவைக்குச் சில வார்த்தைகள் பேசுவான். மற்றபடி நாம் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்வான்.

போன வருடம் வேறொரு ஸ்பெஷல் ஸ்கூலில் படித்தான். ஆண்டு விழாவுக்குக் கிருஷ்ணர் வேஷம் போட்டு, மூன்று மணிக்கே உட்கார வைத்துவிட்டார்கள். சீஃப் கெஸ்ட் வந்து சேர ஆறரை ஆனது. மேடையில் லைட் போட்டதும் காதைப் பொத்திக்கொண்டு, கையைக் கடித்துக்கொண்டு கதறினான். யாரோ வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். உறவுக்காரர்கள் பார்த்துவிட்டு எனக்கே போன் செய்து “பாவம்” என்றார்கள்.

இந்த ஜூனில் பள்ளியை மாற்றினோம். இங்கே காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிப் பாடுகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகளே காய் நறுக்கி, தட்டு வைக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் நாடக வகுப்பு. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாளன்று நாடகம் போடப் போகிறார்கள். ஊரே மழைக்குக் காத்திருக்கிற கதையாம். இவன்தான் மழை. மூங்கில் குழாய்க்குள் அரிசி போட்டுச் சாய்த்தால் மழைச் சத்தம் வருமே, அதுதான் இவன் வேலை. இப்போது வீட்டிலும் அரிசி டப்பாவைக் குலுக்கிக்கொண்டே நிற்கிறான்.

“ஸ்பீச் தெரபிக்குப் போக வேண்டிய நேரத்தில் கூத்து எதுக்கு?” என்கிறார் கணவர். “நாலு பேர் முன்னாடி நிறுத்தி வேடிக்கை காட்டணுமா?” என்கிறார் மாமியார். எனக்கும் போன வருடத்துப் பயம் போகவில்லை. நாடகத்திலிருந்து நிறுத்திவிடட்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நிறுத்த வேண்டாம். ஆனால் பள்ளியில் சொல்லிவிட்டார்களே என்று கண்ணை மூடிக்கொண்டும் அனுப்ப வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன, டிசம்பருக்குள் கேட்க நேரமும் இருக்கிறது.

முதலில் போன வருடத்தைப் பற்றி. அன்று உங்கள் மகன் அடம்பிடிக்கவில்லை. அவனால் தாங்க முடியாத அளவுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தது. மூன்றரை மணி நேரம் கிரீடமும் ஜரிகையும் கட்டிக்கொண்டு, எப்போது முடியும் என்று தெரியாமல் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். ஜரிகை கழுத்தை அறுக்கும். முகத்தில் பூசிய நீலச் சாயம் காயக் காயத் தோலை இழுக்கும். பிறகு திடீரென்று இருட்டு, உடனே முகத்தில் வெளிச்சம், மைக் செட்டின் கீச்சொலி, நூறு பேர் கைதட்டல். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு ஒலியும் ஒளியும் தொடுகையும் நமக்குத் தெரிவதைப் போலத் தெரிவதில்லை, பல மடங்கு கூடுதலாகத் தாக்கும். வாயால் சொல்லத் தெரியாத பிள்ளை கையைக் கடித்துச் சொன்னான். நான் அங்கிருந்து வெளியே போக வேண்டும் என்பதுதான் அவன் சொன்னது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. அதை வீடியோ எடுத்துப் பரப்பியது, அந்தப் பிள்ளைக்குச் செய்த அநியாயம். இதில் உங்களுடைய தப்போ அவனுடைய தப்போ எதுவும் இல்லை.

இப்போதைய பள்ளி செய்திருப்பதைப் பாருங்கள். சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளையின் கையிலேயே ஒரு சத்தத்தைக் கொடுத்திருக்கிறார்கள். எங்கிருந்தோ வரும் ஒலியைத் தாங்க முடியாத பிள்ளைகளில் பலர், தானே எழுப்பும் ஒலியை விரும்பிக் கேட்பார்கள். எப்போது தொடங்கும், எப்போது நிற்கும் என்பது அவர்கள் கையில் இருக்கிறதல்லவா? அரிசி குழாய்க்குள் சரியும் சத்தம் மெல்லியது, சீரானது, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருவது. அதோடு அவன் குழாயைச் சாய்க்காமல் கதை நகராது. ஊரே மழைக்குக் காத்திருக்கிறது என்றால், மேடையில் நிற்கிற எல்லாப் பிள்ளைகளும் உங்கள் மகனைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த வேஷத்தைத் தேர்ந்தெடுத்த ஆசிரியர் உங்கள் மகனைக் கூர்ந்து கவனித்திருக்கிறார். போன வருடம் கிருஷ்ணர் வேஷத்துக்கு ஒரு பிள்ளை தேவைப்பட்டது, இவனைப் பிடித்துப் போட்டார்கள். இந்த வருடம் இவனுக்கு எது பொருந்தும் என்று பார்த்து வேஷத்தை உண்டாக்கியிருக்கிறார்கள்.

அரிசி டப்பாவை வாங்கி வைத்துவிடாதீர்கள். பள்ளியில் நடந்ததை வீட்டில் உங்களுக்குக் காட்டுகிறான். ஒரு சின்ன டப்பாவில் கொஞ்சம் அரிசி போட்டு அவனுக்கென்றே கொடுங்கள். நீங்களும் எதிரே உட்கார்ந்து, “மழை வருமா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவன் குலுக்கினால் நனைந்த மாதிரி நடியுங்கள். “மழை வருமா?” என்று உங்கள் கேள்வியையே திருப்பிச் சொன்னாலும் சரி, அதைப் பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கணவரின் கேள்வி. அது நியாயமான கேள்வி. ஸ்பீச் தெரபியை நிறுத்திவிட்டு நாடகம் என்றால் நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெரபி அட்டவணையில் கை வைத்திருக்கிறார்களா என்று முதலில் பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படி இல்லையென்றால் இரண்டும் சேர்ந்தே போகலாம், போக வேண்டும்.

தெரபி அறையில் பிள்ளையும் தெரபிஸ்டும் எதிரெதிரே உட்கார்ந்து பழகும் பேச்சு, நாலு பேர் நடுவே வருவதில்லை என்பது பல பெற்றோர்களின் அனுபவம். ஒத்திகையில் வேறு மாதிரியான வேலை நடக்கிறது. தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். தன் முறை வந்துவிட்டது என்பதை இன்னொரு பிள்ளையின் முகத்தையோ கையசைவையோ பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நேற்று செய்ததையே இன்றும் செய்ய வேண்டும்; இப்படித் திரும்பத் திரும்பச் செய்வது மற்ற பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும், இவர்களில் பலருக்கோ அதில்தான் நிம்மதி.

அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிளைத் கார்பெட்டும் அவருடைய குழுவினரும் ஆட்டிசம் உள்ள, 8 முதல் 14 வயதுக்குட்பட்ட 30 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2016-இல் வெளியானது. ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு 10 அமர்வுகள் நாடகப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களோடு சேர்ந்து நடிக்க, ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நாடகப் பயிற்சி பெற்றவர்கள் முகங்களை நினைவில் வைப்பதிலும் மற்றவர்களோடு சேர்ந்து விளையாடுவதிலும் முன்னேறியிருந்தார்கள். 30 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. நாடகம் போட்டால் பேச்சு வந்துவிடும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, அப்படி யாராவது சொல்லிப் பணம் கேட்டால் நம்பாதீர்கள். ஆனால் நேரம் வீணாகிறது என்ற கவலையை உங்கள் கணவர் விட்டுவிடலாம். அவரிடம் ஒரு வேலையையும் கொடுங்கள். நாடகத்தில் வரும் வார்த்தைகளை, மழை, மேகம், வா, போதும், இன்னும் என்று எழுதி வாங்கி, ஸ்பீச் தெரபிஸ்டிடம் அவரே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அதே வார்த்தைகளை அங்கேயும் பழக்கினால் பிள்ளைக்கு அவை இரண்டு இடத்தில் பயன்படும். சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ போன்ற செயலியில் படத்தைத் தொட்டால் டேப்லெட் பேசும். தேவைப்பட்டால் அதன் வழியாகவும் ஒரு வசனம் சொல்லலாம். வசனம் என்றால் தொண்டையிலிருந்துதான் வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

சொன்னதையே திருப்பிச் சொல்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் குறையாக மட்டும் பார்க்காதீர்கள். நம் தெருக்கூத்தில் முன்னால் ஒருவர் பாட, பின்னால் நிற்பவர்கள் அதே அடியை வாங்கிப் பாடுவார்கள். பின்பாட்டு இல்லாமல் கூத்து இல்லை. திருப்பிச் சொல்லும் பிள்ளைகள் நாலு பேர் இருந்தால் ஒரு பின்பாட்டுக் குழுவே கிடைத்துவிட்டது. இதை அந்த நாடக ஆசிரியரிடம் சொல்லுங்கள், ஒருவேளை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பார்.

கூத்திலிருந்து எடுத்துக்கொள்ள இன்னொன்றும் இருக்கிறது: கட்டியங்காரன். அவன் கதைக்குள்ளும் இருப்பான், வெளியே வந்து ஜனங்களோடும் பேசுவான். நடிகர் தாமதித்தால் கதை சொல்லிச் சமாளிப்பான், இடையில் நின்றுபோனதை எடுத்துக்கொடுப்பான். சிறப்புப் பள்ளி நாடகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் கிடையாது. பிள்ளைகளுக்கு நன்கு பழக்கமான ஆசிரியர் ஒருவர் கட்டியங்காரனாக மேடையிலேயே இருந்தால், பக்கவாட்டில் ஒளிந்து நின்று “போ, போ” என்று சைகை காட்டும் பதற்றம் இருக்காது. உங்கள் மகன் ஒரு நிமிடம் தாமதமாகக் குழாயைச் சாய்த்தால், “என்ன ஊரு இது, மேகம் வந்து நிக்குது, மழையைக் காணோமே!” என்று அவர் ஜனங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கலாம். தாமதம் கதையாகிவிடும். கூட்டம் பார்ப்பதையே தாங்க முடியாத பிள்ளை இருந்தால், தோல்பாவைக்கூத்தைப் போலத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பொம்மையை ஆட்டட்டும். அதுவும் நடிப்புதான்.

பிள்ளைகள் காய் நறுக்குவதையும் தட்டு வைப்பதையும் போகிறபோக்கில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இந்தப் பள்ளி மேல் நம்பிக்கை வந்ததே அந்த வரியைப் படித்துத்தான். கார்ல் கோனிக் என்ற குழந்தை மருத்துவர் வியன்னாவில் இருந்தவர், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938-இல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் நாட்டை விட்டு வெளியேறி ஸ்காட்லாந்துக்குப் போனார். 1940-இல் அபர்டீன் நகருக்கு அருகே கேம்ப்ஹில் என்ற வீட்டில் அவரும் உடன் வந்த அகதிகளும் சேர்ந்து, அந்தக் காலத்தில் யாருக்கும் வேண்டாதவர்களாக இருந்த பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். ஆசிரியர்களும் பிள்ளைகளும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். சமையல், தோட்டம், சாப்பாட்டு மேசை எல்லாம் பொதுவானவை. வருடத்தின் ஒவ்வொரு பண்டிகைக்கும் எல்லோரும் சேர்ந்து நாடகம் போட்டார்கள், சில நாடகங்களைக் கோனிக்கே எழுதினார். இன்று கேம்ப்ஹில் வழியில் நடக்கும் இடங்கள் உலகமெங்கும் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. அவர்களுடைய தத்துவம் முழுவதும் நமக்கு ஏற்புடையதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் சேர்ந்து வாழ்வதும் சேர்ந்து நடிப்பதும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள் என்று அவர்கள் கண்டுகொண்டது மிகச் சரி.

ஏனென்று சொல்கிறேன். தினமும் மதியம் பக்கத்துப் பிள்ளைக்குத் தட்டு வைக்கிறவனுக்கு அந்தப் பிள்ளை யார் என்று தெரியும். காரம் வேண்டாம் என்பாள், தண்ணீரைச் சிந்துவாள் என்பதெல்லாம் தெரியும். மேடையில் அவள் வந்து நின்றால் அவனுக்கு அது தெரிந்த முகம். ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு திடீரென்று வரிசையில் நிறுத்திப் பழக்கும் பள்ளிகளில் இது நடக்காது. நல்ல பள்ளியில் நாடகம் என்பது மேடையில் நிற்கும் பத்துப் பேரோடு முடியாது. ஒருவன் திரைச்சீலைக்கு வண்ணம் அடிப்பான், ஒருத்தி வருபவர்களுக்குச் சுண்டல் பொட்டலம் கட்டுவாள், ஒருவன் நாற்காலி போடுவான், வெளிச்சம் பிடிக்காதவன் வாசலில் நின்று சீட்டு வாங்குவான். இவர்கள் எல்லோர் பெயரும் கடைசியில் சொல்லப்பட வேண்டும். சென்னையில் அம்பிகா காமேஷ்வர் 1989-இல் தொடங்கிய ‘ராசா’ அமைப்பு ஆட்டம், பாட்டு, கதை, நடிப்பு எல்லாவற்றையும் சேர்த்தே சிறப்புக் குழந்தைகளின் வளர்ச்சிக்குப் பயன்படுத்திவருகிறது. ஆகவே இதெல்லாம் யாரோ புதிதாகப் பிடித்த வழி என்று உங்கள் வீட்டில் நினைக்க வேண்டாம்.

இப்போது மாமியார். அவர் சொன்னதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். வேடிக்கை காட்டுவது என்பது நம் ஊரில் நிஜமாகவே நடக்கிறது. அரைமணி நேரம் பொன்னாடை, ஒரு மணி நேரம் “இந்தத் தெய்வக் குழந்தைகள்” என்று பேச்சு, நடுவில் பத்து நிமிடம் பிள்ளைகள், அதற்குப் பிறகு நன்கொடை அறிவிப்பு. பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள், அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உங்கள் மாமியார் பேரனின் மானத்துக்காகப் பேசுகிறார். அவரோடு வாதாடாதீர்கள், ஒரு நாள் ஒத்திகைக்கு அழைத்துப் போய் ஓரமாக உட்கார வையுங்கள். பேரன் எதற்குக் காத்திருக்கிறான், எப்போது சிரிக்கிறான் என்று அவரே பார்க்கட்டும். முடிந்தால் அவருக்கும் ஒரு வேலை கேளுங்கள். பழைய மழைப் பாட்டு, கும்மிப் பாட்டு தெரிந்த பாட்டிகள் இப்போது கிடைப்பது அரிது. வட்டமாக நின்று கைதட்டிச் சுற்றும் கும்மியில், ஒரு தட்டுத் தவறினாலும் அடுத்த தட்டில் சேர்ந்துகொள்ளலாம்.

ஒன்றை அவரிடம் சொல்லலாம். மற்றவர்களைப் போலவே கலை, பண்பாட்டு வாழ்வில் பங்கெடுப்பது மாற்றுத்திறனாளிகளின் உரிமை என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு சொல்கிறது. யாருடைய இரக்கத்தின் பேரிலும் அவன் மேடையேற வேண்டியதில்லை.

பள்ளியில் போய் நீங்கள் பேச வேண்டியவற்றுக்கு வருகிறேன். பேச்சுகளும் பரிசுகளும் நாடகத்துக்குப் பிறகு இருக்கட்டும், விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நேரத்துக்கு நாடகம் தொடங்க வேண்டும் என்று கேளுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், போன வருடத்து வேதனையில் பாதி அந்தக் காத்திருப்பில்தான் வந்தது. நாடகம் நடக்கும் ஹாலுக்கே பிள்ளைகளைப் பலமுறை அழைத்துப் போக வேண்டும். முதல் முறை வெறுமனே சுற்றிப் பார்க்க, அடுத்து விளக்குகளோடு, பிறகு பத்துப் பேர் உட்கார்ந்திருக்க. உடையை முன்கூட்டியே வீட்டுக்கு வாங்கி வாருங்கள். துவைத்து, உள்பக்கத் தையலைத் தடவிப் பார்த்து, உறுத்தினால் உள்ளே அவனுடைய பழைய பருத்தி பனியனைப் போட்டுவிடுங்கள். மழைக்கு நீலச் சட்டையே போதும், முகத்தில் எதுவும் பூச வேண்டாம். மின்னல் என்று விளக்கை வெட்டி வெட்டிப் போடும் எண்ணம் யாருக்காவது இருந்தால் கண்டிப்பாகத் தடுங்கள். சிறப்புப் பள்ளிகளில் வலிப்பு உள்ள பிள்ளைகள் இருப்பார்கள், சிலருக்கு வெட்டி மின்னும் ஒளி வலிப்பைத் தூண்டிவிடும்.

மேடைக்குப் பின்னால் விசிறியும் பாயும் போட்ட ஓர் அமைதியான அறை வேண்டும். செல்போன் வீடியோ கூடாது, பள்ளி எடுக்கும் படங்களும் பெற்றோர் எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே வெளியே போக வேண்டும். பார்வையாளர்களுக்கும் கொஞ்சம் பழக்கம் தேவை. நியூயார்க்கின் பிராட்வேயில் 2011-இல் ஒரு பெரிய இசை நாடகத்தை ஆட்டிசம் உள்ளவர்களுக்கென்றே தனிக்காட்சியாகப் போட்டபோது ஒலியைக் குறைத்தார்கள், எழுந்து நடமாட அனுமதித்தார்கள், ஓய்வுக்குத் தனி இடம் வைத்தார்கள். நம் பள்ளி ஹாலில் இதற்குச் செலவே இல்லை. தொடங்கும் முன் கட்டியங்காரனே வந்து, “கைதட்டாதீங்க, ரெண்டு கையையும் தூக்கி ஆட்டுங்க, எங்க மழைக்கு அதுதான் பிடிக்கும்” என்று சொல்லிக் கூட்டத்தையும் ஒருமுறை பழக்கிவிடலாம். காது கேளாதோர் பாராட்டும் முறை இதுதான்.

உங்கள் மகனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது ஒன்று உண்டு: “போதும்” என்று சொல்வது. வார்த்தையாக வந்தாலும் சரி, கையில் ஒரு படச்சீட்டாக இருந்தாலும் சரி. ஒத்திகையில் அவன் அதைக் காட்டிய உடனே, ஏன் என்று கேட்காமல் வெளியே அழைத்துப் போக வேண்டும். இரண்டு மூன்று முறை சும்மா சோதித்துப் பார்க்கவும் காட்டுவான். அப்போதும் அழைத்துப் போகட்டும். வெளியே போகும் வழி இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைதான் உள்ளே தைரியமாக நிற்பான். அன்றைய தினம் அவன் மேடையேறவே மாட்டேன் என்றால், வாசலில் நிற்கட்டும். குழாயை இன்னொருவர் சாய்ப்பார். பள்ளியும் இதற்கு இப்போதே தயாராக இருக்க வேண்டும். ‘இவ்வளவு பாடுபட்டோமே’ என்று உங்கள் முகம் வாடினால் அவன் கவனிப்பான், அதனால் இந்தச் சாத்தியத்தை நீங்களும் உங்கள் கணவரும் முன்பே பேசி மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக டிசம்பர் 4 பற்றி. மாதக்கணக்கில் வாரம் இரண்டு நாள் இருந்த வகுப்பு விழா முடிந்ததும் நின்றுபோனால், இந்தப் பிள்ளைகளுக்குக் காரணம் புரியாது. தூங்க மாட்டார்கள், அதே நேரத்துக்கு அதே அறைக்கு இழுப்பார்கள். ஜனவரியிலும் நாடக வகுப்பு நடக்குமா என்று இந்த வாரமே கேளுங்கள். விழாவுக்காக மட்டும் என்று பதில் வந்தால், மற்ற பெற்றோர்களையும் சேர்த்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். வாரம் ஒரு வகுப்பாவது வருடம் முழுக்க வேண்டும் என்று கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா